சட்டைக்கு அரைப்பேரு

— அதனாலதான் ஸுபைதா தங்கச்சி, கோகிலா வூட்டுல இல்ல. சட்டையத் தேடிப் போயிருக்கா.

— எந்தச் சட்டைய?

— பறந்து போன சட்டைய.

— அழகமுத்தண்ணே, நான் தெஹியோவிட்டயில இருந்து வாறன். இந்தப் படியெல்லாம் ஏறி மூச்சு வாங்குது. நேராப் பேசுங்களே. ஒங்கட மருமகள் விசயமா நான்—

— நேராத்தானே சொல்றேன். ஒக்காருங்க. அந்தப் பலகை ஆடும், இந்தப் பக்கமா ஒக்காருங்க. முந்தாநாளு கொடியில ஒரு மஞ்சச் சட்டை காஞ்சுகிட்டு இருந்துச்சு. கோகிலா தச்சது. பேக்கரி மாப் பையில தச்சதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, அம்புட்டு லேசு. அப்ப ஒரு காத்து வந்துச்சு. பெரிய காத்துன்னும் சொல்ல முடியாது. பக்கத்துக் காம்பரா வூட்டுக் கருப்பாயி வெத்தலை எச்சியத் துப்புறப்ப வருமே, அந்த அளவுக்கு. சட்டை கெளம்பிருச்சு.

— கெளம்பி?

— இந்த லயத்துல வரிசையா நிக்கிற வூட்டுக் கூரைக்கெல்லாம் மேல போச்சு. பெறகு ரப்பர் மலைக்கு மேல. அங்க கணக்கப்பிள்ளை ரப்பர்ப் பாலை நிறுத்து, வேலைக்கு வந்தவங்களுக்குப் பேரு போட்டுகிட்டு நின்னாரு. கண்ணாடிய வூட்டுல வச்சுட்டு வர்ற மனுசன். மேட்டுல ஒரு ஆளு ரெண்டு கையும் விரிச்சுகிட்டு வர்ற மாதிரித் தெரிஞ்சிருக்கு. "யாரு அது, இம்புட்டு லேட்டா வர்றது"ன்னு சத்தம் போட்டிருக்காரு. சட்டை என்ன சொல்லும், ஒண்ணும் சொல்லல. எதுத்துப் பேசாத ஆளுன்னு அவருக்குப் புடிச்சுப் போச்சு. பேரு போட்டுட்டாரு.

— சட்டைக்கா?

— முழுப்பேரு இல்ல தங்கச்சி. பொய் சொல்லக்கூடாது. பால் கொண்டாரலைன்னு அரைப்பேருதான் போட்டாரு. அரைநாள் சம்பளம்.

— அல்லாவே.

— அங்க இருந்து தெரணியகலைப் பக்கமாப் போயிருச்சுன்னு பஸ்ஸுல வந்த ஒருத்தர் சொன்னாரு. அதான் கோகிலா புடிக்கப் போயிருக்கா. இன்னைக்கு வருவாளா, நாளைக்கு வருவாளான்னு என்னால சொல்ல ஏலாது. சட்டையோட மனசப் பொறுத்தது.

— சரி, அவ எப்பசரி வரட்டும். நான் வந்தது என்னெண்டா—

— நீங்க எதுக்கு வந்தீங்கன்னு இந்த லயத்துல மேயுற கோழிக்குக்கூடத் தெரியும். வெளிநாட்டுக்குப் பொம்பளைங்கள அனுப்புற ஸுபைதா படி ஏறி வந்தா, எதுக்கு வருவாங்க? கோகிலாவக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போகணும். டாக்டர்கிட்ட ரத்தம் குடுக்கணும். பெறகு குவைத்து பிளேனு. பாஸ்போட்டு உங்க அலுமாரியில. இன்னைக்கு வர்றேன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க?

— ஓ, இண்டைக்கெண்டுதான் சொல்லி ஈந்தன். ஆனா அண்ணே—

— ஆனா ஆளு இல்ல. அதுக்கு நான் என்ன செய்ய. சட்டை போனாப் போகட்டும்னு சொல்லலாம்தான். தச்சவளுக்கு மனசு கேக்குமா?

— என்ன ஒரு வார்த்தை பேச வுடுங்களே.

— பேசலாம், பேசலாம். மொதல்ல பிளேன்டீ ஊத்துறேன். சீனி இல்ல, கித்துள் கருப்பட்டி இருக்கு. கடிச்சுகிட்டே குடிங்க. தொண்டை காஞ்ச ஆளைப் பேச வச்ச பாவம் எனக்கு வேணாம்.

— தாங்க. ம். நல்ல சாயம். அண்ணே, அந்தக் கொடியில காயிறதெல்லாம் அவ தச்சதா?

— அது மட்டும் இல்ல, அந்தப் பொட்டியில இருக்கிற தொப்பியும் அவ தச்சதுதான். தொடாதீங்க, தொடாதீங்க. அதுல நிழல் மடிச்சு வச்சிருக்கு.

— நிழலயா?

— ஆமா. தேயிலை மலையில பொம்பளைங்க தலையில போடுற கொங்காணி மாதிரி, பின்னால கழுத்து வரைக்கும் எறக்கி வச்சிருக்கா. போன கெழமை அதைப் போட்டுகிட்டு புளத்கொகுபிட்டிய சந்தைக்குப் போனேன். வெயிலு மண்டையப் பொளக்குது. பங்குனி வெயிலு தெரியுமே உங்களுக்கு. நான் பாட்டுக்கு நடக்குறேன், நிழலு என் கூடவே வருது. திரும்பிப் பாத்தா, என் நிழலுக்குள்ள ஒரு மாடும் ரெண்டு போலீஸ்காரங்களும் வந்துகிட்டு இருக்காங்க.

— போலீஸ்காரங்க ஒங்களப் புடிக்க வந்திருப்பாங்க.

— நான் ஒரு குத்தமும் செய்யல. சந்தை முடியுற வரைக்கும் நகராதீங்க பெரியவரேன்னு கெஞ்சிகிட்டாங்க. மாடு ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கும் அதே எண்ணம்தான்.

— சரி சரி. அந்தப் பை?

— அது படங்கு. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க இடுப்பச் சுத்திக் கட்டுவாங்களே, அந்தச் சாக்கு. கிழிஞ்சா அடுப்புக்குள்ள போடுறது. இவ அதை வாங்கித் தொவைச்சு, நல்ல எடமா வெட்டி, ஓரத்துக்கு அவிசாவளை கார்மென்ட்ல வெட்டித் தள்ளுற துண்டுத்துணிய வச்சுப் பையாக்கிட்டா. இதுல ஒரு பொய்யும் இல்ல. பொய் சொல்ற அளவுக்கு இந்தப் பையப் பத்தி நான் இன்னும் யோசிக்கல.

— எல்லாம் கைத்தையலா?

— கையிதான். ராவும் பகலும்னு சொல்ல மாட்டேன், லயத்துல கரண்டு அப்பப்பதான் வருது. வாசல்ல வெளிச்சம் இருக்கிற வரைக்கும் தைப்பா. ஊசி தேஞ்சு தேஞ்சு இப்பக் கொசு மூக்கு அளவுக்கு ஆயிருச்சு. சில நாளு கொசுவே வந்து, என்னுதைத் தர்றேன் அக்கான்னு கேக்குது.

— அண்ணே, அந்தத் தையல் விசயமாத்தான் நான்—

— சட்டை போட்டுப் பாக்கணுமா? போடலாம். ஆனா ஒண்ணு, எச்சரிக்கை சொல்லிர்றேன். ரொம்ப நேரம் போட்டுகிட்டு இருக்கக்கூடாது. குளுந்துரும்.

— மாப் பைச் சட்டை குளுருமா?

— கருப்பாயிக்குப் போட்டுப் பாக்கச் சொல்லி ஒண்ணு குடுத்தா கோகிலா. அதைப் போட்டுகிட்டு கருப்பாயி உச்சி வெயில்ல மலையில நின்னா. பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் வேர்த்து ஊத்துது. இவளுக்குப் பல்லு கிட்டுது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா ஓடி வந்து கம்பளியச் சுத்தி, கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தாரு. சந்தேகம்னா ஆளையே கேளுங்க. ஏய் கருப்பாயி, இங்க கொஞ்சம் வா. அந்தச் சட்டை போட்ட அன்னைக்கு உனக்குத் தடுமன் புடிச்சுச்சா இல்லையா?

— புடிச்சுச்சு அண்ணே.

— கேட்டீங்களா தங்கச்சி?

— தடுமன் ஓடையில வழுக்கி வுழுந்ததுல புடிச்சுச்சு. அதுக்கு ஏன் சட்டை மேல பழி போடுறீங்க? ஸுபைதாக்கா, சட்டை நல்ல சட்டை. நைலான் சட்டை போட்டா முதுகெல்லாம் வேர்க்குரு, சொறிஞ்சு சொறிஞ்சு ராத்தூக்கம் போயிரும். இது ஒடம்புல ஒட்டாம நிக்குது. காத்து உள்ள வந்து வெளிய போகுது. அம்புட்டுத்தான். நான் வர்றேன், அடுப்புல பருப்பு தீயுது.

— சாட்சிக்காரி பாதியில போயிட்டா.

— பாதி சொன்னாளே அண்ணே. அவளுக்கும் அரைப்பேரு போடுங்க.

— உங்களுக்கும் வாயி இருக்கு தங்கச்சி. இந்த வாய வச்சுகிட்டுத்தான் எத்தனை பொண்ணுங்கள பிளேன்ல ஏத்துனீங்களோ.

— ஏத்தினேன்தான். அத பெறகு பேசுவம். இப்ப எனக்கு ஒண்டு தெரியணும். மாப் பையில நீல எழுத்து ஈக்குமே. எங்கட வாப்பா காலத்துல எங்கட வீட்டுலயும் அதுலதான் உள்சட்டை. சோடா போட்டு அவிச்சாலும் எழுத்து போகா. என்ட தம்பி முதுகுல ஒரு வருசமா 'கோதுமை மா' எண்டு ஈந்திச்சி. இதுல எழுத்தையே காணல்ல. எங்க போன?

— தானாப் போயிருச்சு.

— எப்பிடி?

— எங்க லயத்துல அதைப் படிக்கிறதுக்கு ஆளே இல்ல. எழுத்துன்னா யாராவது படிக்கணும்ல. எத்தனை நாளைக்குத்தான் சும்மா நிக்கும்? மனசு வுட்டுப் போயி எறங்கிப் போயிருச்சு.

— மெய்ய சொல்லுங்க அண்ணே.

— மெய்யாவா? அது கொஞ்சம் சின்னதா இருக்குமே.

— பரவால்ல. சின்னதையே சொல்லுங்க.

— பலாமரத் தூள். மரம் அறுக்குற மில்லுல கூட்டித் தள்ளுவாங்க. புத்த பன்சலையில ஹாமுதுரு சாமிமாரு காவிக்கு அவிக்கிறாங்களே, அதே தூளு. அதை அவிச்சு முக்குனா நல்ல மஞ்சள். கூட ஒரு பிடி தேயிலைத் தூசு போட்டா தேன் நெறம். எழுத்து அடியில மங்கி, நிழலு மாதிரி ஆயிரும். ஆனா மொதல்ல அதுவும் பத்தல. மொதல்ல தச்சதைக் கித்துல்கலப் பக்கம் ஆத்தோரமாக் கடை வச்சிருக்கிற புவாட் நானாகிட்ட கொண்டு போயிக் காட்டுனா. சண்டை நின்னு சமாதானம் பேச ஆரம்பிச்சதுல இருந்து வெள்ளைக்காரங்க அங்க வர்றாங்கல்ல. காசு குடுத்துப் படகுல ஏறி, காசு குடுத்து ஆத்துல வுழுறாங்க. நாங்க காலம் பூராச் சும்மாவே வுழுந்து எழும்பியிருக்கோம், ஒருத்தன் கேக்கல.

— புவாட் என்ன சொன்ன?

— விரிச்சுப் பாத்தாரு. தையல் நல்லாருக்குன்னாரு. வெளிச்சத்துல புடிச்சாரு. முதுகுல எழுத்து தெரியுதேம்மா, மா மூட்டையப் போட்டுகிட்டு எந்த வெள்ளைக்கார நோனாம்மா போவான்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி என் மகன் சுதாகரன் கொழும்புல இருந்து வந்தான். அங்க ஒரு கடையில மூட்டை தூக்குறான். கூரை ஒழுகுது. பேத்தி சசிய அடுத்த வருசம் டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும். புருசனும் பொஞ்சாதியும் ஒண்ணும் சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நான் ஏதாவது சொல்லி சிரிக்க வச்சிருப்பேன். மெதுவாப் பேசுனாங்க. மறுநாளு அவ உங்க வூட்டுக்கு வந்து பாஸ்போட்ட நீட்டிட்டா.

— ஓ. வந்த. கையில தூளு மஞ்சளா ஒட்டி ஈந்திச்சி. நான் கலியாண வீட்டுக்குப் போய் வந்தாவாக்கும் எண்டு நெனச்சன்.

— அதுக்குப் பெறகுதான் அந்த மரம் தும்முச்சு.

— எந்த மரம்?

— ரப்பர் மரம். பால் நிறுக்கிற கொட்டிலுக்குப் பக்கத்துல நிக்குமே, வயசான மரம். அன்னைக்குப் பூரா அதுக்கு ஒடம்பு சரியில்ல. பத்து மணிக்கு மேல ஒரு தும்மல் தும்முச்சு பாருங்க, பாலெல்லாம் தெறிச்சு, கொடியில காஞ்ச துணி மேல வுழுந்துச்சு. அந்தப் பாலு வுழுந்த எடம்தான் நீங்க பாக்குற அந்த வெள்ளைப் பூவெல்லாம்.

— அண்ணே, நான் கொடிக்குக் கிட்டப் போய் பாத்திட்டன். இது தெறிச்ச பால் இல்ல. ஓடைக்கரையில மொளைக்கிற சீப்பு எலை மாதிரி அச்சா ஈக்கி. மரத்துக்கு இவ்வளவு ஒழுங்காத் தும்ம ஏலுமா?

— நல்லா வளந்த மரம்.

— சின்னதையே சொல்லுங்க எண்டு சொன்னேனே.

— சரி. பால் வெட்டிட்டு வர்றவங்க வாளியக் கவுத்துட்டு, வெரல்ல ஒட்டுன பாலை ஒதறுவாங்க. அவங்க ஒதறுற பக்கம் இவ கொடி கட்டியிருந்தா. கஞ்சி போட்டு வெறைப்பா நின்ன துணியில சொட்டுச் சொட்டா வுழுந்துச்சு. இப்ப நீங்க சொல்லுங்க, டவுன்ல உங்க துணியில ரப்பர் பாலு பட்டா என்ன செய்வீங்க?

— ஓடிப் போய் தண்ணியில கசக்குவன்.

— கசக்குனா துணி போச்சு. பாலு நூலுக்குள்ள எறங்கி, நாளைக்குக் கறுத்து, அந்தத் துணி அடுப்பு தொடைக்கக்கூட ஆகாது. ரப்பர் தோட்டத்துல பொறந்தவ கசக்க மாட்டா. தொடவே மாட்டா. காயவுட்டுப் பெறகு தோலை உரிக்கிற மாதிரி உரிப்பா. கோகிலாவும் காயவுட்டா. ஆனா சாயம் சட்டியில ஆறிகிட்டு இருந்துச்சு. இன்னும் ஆறுனா புடிக்காது. உரிச்சுகிட்டு இருக்க நேரமில்ல. பாலு ஒட்டுன துணிய அப்படியே முக்கிட்டா. அலசிக் காயப்போட்டு, சாவகாசமா நகத்தால உரிச்சா.

— உரிச்சா?

— பாலு இருந்த எடத்துல சாயம் ஏறல. மஞ்சள்ல வெள்ளை வெள்ளையா நிக்குது. நான் பாத்துட்டு, அய்யோ, ஒரு துணி வீணாப் போச்சேன்னேன். அவ துணிய வெயில்ல புடிச்சுகிட்டு நின்னா. எழுத்து எங்கன்னு கேட்டா. எனக்கும் தெரியல. இந்தப் புள்ளி, அந்தப் புள்ளின்னு கண்ணு ஓடுறதுல எழுத்து கண்ணுக்கு மாட்டல. மறுநாளு என் மூத்த மகன் ஒரு சிரட்டைப் பாலு கொண்டாந்து குடுத்தான். ஈர்க்குக் குச்சிய நசுக்கி, அதுல தொட்டு எலை வரைஞ்சா. இதைத்தான் நான் மரம் தும்முச்சுன்னு சுருக்கமாச் சொன்னேன். நீங்கதான் நீட்டச் சொன்னீங்க.

— மாஷா அல்லா. மெஷினுல அடிச்ச துணியில கூட நான் இப்பிடிக் கண்டதில்ல. குருநாகல் பத்தீக் துணிக்குக் கூட, சாயம் ஏறாம தடுக்க மெழுகு வேணும். இதுக்கு ஒரு சிரட்டைப் பாலு.

— அதனாலதான் இன்னைக்கு விடியக்காலையில, இருந்த சட்டை, தொப்பி, பையி எல்லாத்தையும் கட்டிகிட்டு மறுபடியும் புவாட் நானா கடைக்குப் போயிருக்கா. கொடியில இருக்கிறது நேத்து முக்குனது, ஈரம். என் தொப்பியும் இந்த ஒரு பையும் வூட்டுக்குன்னு வச்சது.

— தெரணியகலைக்குப் போன எண்டு சொன்னீங்களே.

— சட்டை தெரணியகலைக்கு. அவ கித்துல்கலைக்கு. ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குப் போவாங்கன்னு நான் சொல்லவே இல்லையே.

— அழகமுத்தண்ணே.

— சரி, புடிபட்டுட்டேன். இனி எதுக்கு மறைக்கிறது? புவாட் நானா எடுத்துகிட்டா அவ போக மாட்டா. எடுக்கலைன்னா, சாயங்காலம் வந்து உங்க பின்னால எறங்கிப் போவா. மிஞ்சினது அம்புட்டுத்தான். அவ வர்ற வரைக்கும் உங்களை இங்க ஒக்கார வைக்கணும்னுதான் நான் வாயாடிகிட்டு இருக்கேன். நீங்க அவளை வழியில பாத்து, இப்பவே வான்னு கூட்டிட்டுப் போயிட்டா? கடைக்காரரு என்ன சொன்னாருன்னு அவளே யோசிக்க நேரம் வேணும்ல.

— அதத்தான் அண்ணே நான் வந்ததுல இருந்து—

— இன்னும் ஒண்ணே ஒண்ணு. இதுக்கு மட்டும் குறுக்க பேசாதீங்க. பாஸ்போட்டு குடுத்த நாள்ல இருந்து சசி, ராவுல படுக்கிறப்ப அவ கவுன் நாடாவ அம்மா சேலை முந்தானையில முடிச்சுப் போட்டுக்குறா. ஆறு வயசுப் புள்ளை. யாரும் அவகிட்ட ஒண்ணும் சொல்லல. கோகிலா காலையில எழும்புறப்ப முடிச்ச அவுக்க மாட்டா. அங்கேயே ஒக்காந்திருப்பா, புள்ளை தானா முழிக்கிற வரைக்கும். வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக்கு லேட்டாப் போயி ரெண்டு நாளு திட்டு வாங்கிட்டா.

— இது மெய்யா?

— இது மெய் தங்கச்சி. இது மட்டும்.

— ...என்ட கண்ணுல தூசு.

— இந்தாங்க, அந்த மாப் பைத் துண்டு. சுத்தமானது.

— அண்ணே, நானும் போய் ஈந்தன். தெரியுமா? ரியாத்துக்கு. என்ட மகள் ரஹ்மா பால் குடி மறக்கல்ல. என்ட உம்மாட கையில குடுத்திட்டுப் போனன். அங்க ஒரு வீட்டுல தைக்கிற வேலை. மேடத்துக்கு, மேடத்துட மகள்மாருக்கு, எல்லாருக்கும் நான்தான் தைச்ச. கலியாண உடுப்பெல்லாம் முத்து வச்சுத் தைச்சி ஈக்கிறன். திரும்பி வந்து கதவுல நிண்டன். ரஹ்மா உம்மாக்குப் பின்னால போய் ஒளிஞ்சிச்சி. அண்டைக்குப் பூரா என்ன பாத்துப் பாத்து ஈந்திட்டு, படுக்கப் போறப்ப உம்மாட காதுல கேக்குது, "அந்த மாமி எப்ப போற?"

— இதுக்கு மேல எனக்குக் கதை வரல தங்கச்சி.

— அவளுக்கு இப்ப கலியாணம் முடிஞ்சிட்டு. நல்லாத்தான் ஈக்கிறா. என்னோட நல்ல மாதிரிதான். ஆனா என்ன விசயம் எண்டாலும் மொதல்ல என்ட உம்மாகிட்டத்தான் சொல்லுவா. நான் கோவிக்கிறதில்ல. நான் போன தூரம் அப்பிடி.

— அப்புறம் ஏன் மத்தவங்கள அனுப்புறீங்க? கோவிச்சுக்காதீங்க, கேக்கணும்னு தோணுச்சு.

— கேளுங்க. எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். அழுதுட்டு வந்து நிக்கிற பொம்பளைக்கி வேற ஒண்டுஞ் சொல்லத் தெரியா. போகாத எண்டு சொன்னா, கூரைய யார் கட்டித் தாற? அதனால நல்ல வீடாப் பாத்து அனுப்பினன். அவ்வளவுதான் எனக்கு ஏலுமா ஈந்த.

— அப்ப என்னை அனுப்புங்க.

— என்ன?

— கோகிலா எடத்துக்கு நான் போறேன். பாஸ்போட்டுப் படத்துல அவ மூக்கும் என் மூக்கும் ஒரே மாதிரிதான். மருமகள்னாலும் இந்தத் தோட்டத்து மூக்குத்தானே. நான் கூட்டுவேன், தொடைப்பேன், ஆட்டுக்குப் புல்லு வெட்டுவேன்.

— அங்க புல்லு இல்ல அண்ணே. மணல்.

— மணலு வெட்டுவேன். அந்த மேடத்துக்குத் தூக்கம் வரலைன்னா கதை சொல்லுவேன். தெரணியகலை மலையில ஒரு சட்டை பறந்த கதையச் சொன்னா, அந்த ஊரு அரபிக்காரன் ஒட்டகத்த வித்துட்டு இங்க வந்துருவான். ஒட்டகத்தையும் கூட்டிட்டு வந்தா நம்ம கணக்கப்பிள்ளை அதுக்கும் பேரு போட்டுருவாரு.

— முதுகுல மூட்டை ஈக்கிறதால முழுப்பேரு.

— சிரிக்கிறீங்க. நல்லது. சிரிக்கிறவங்களோட பேரம் பேசலாம். வயசு கூடன்னு சொல்லுவாங்களா? பல்லு ஆறு இருக்கு, ஆனா ஆறும் நல்ல பல்லு. கண்ணாடி இல்லாமலே இங்க இருந்து புவாட் நானா கடையப் பாக்குறேன். அதோ, கோகிலா சட்டைய விரிச்சுக் காட்டுறா. அவரு தலையச் சொறியுறாரு. இல்லன்னு சொல்லத்தான் சொறியுறாரு போல. அந்த மனுசன் வாயத் தொறக்குறதுக்குள்ள நீங்க என்னைக் கூட்டிட்டுப் போங்க தங்கச்சி. புள்ளைகிட்ட இருந்து தாயை மட்டும் பிரிக்காதீங்க. நான் போயிட்டா இங்க யாரு முந்தானையிலயும் முடிச்சு அவுராது.

— முடிஞ்சா?

— முடிஞ்சிருச்சு.

— இன்னும் ஏதாவது ஈக்கா? சட்டை, மாடு, போலீஸ்?

— இல்ல. தீந்து போச்சு.

— இனி நான் ஒரு வார்த்தை பேசலாமா?

— பேசுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

— அவ கொண்டுபோனது எல்லாத்தையும் புவாட் எடுத்திட்டு, இன்னும் இதைப்போல ரெண்டு பங்கு கேட்டு ஈக்கிறான். ஒங்கட மருமகள் வாற வழியில என்ட வீட்டுக்கு வந்து பாஸ்போட்டத் திருப்பி வாங்கிட்டு, இப்ப பேக்கரியில மாப் பை பொறுக்கிட்டு நிக்கிறா. கீழ நிக்கிற த்ரீவீல் வண்டியில என்ட தையல் மெஷின் ஈக்கி அண்ணே, நாளையில இருந்து நானும் அவளோட ஒக்காந்து தைக்கப் போறன், அத இந்தப் படியில தூக்கிட்டு வர ஒரு கை குடுங்க எண்டு கேக்கத்தான் வந்ததுல இருந்து வாயத் தொறந்து தொறந்து மூடுறன்.